தெம்மாடிக்குழியில் லாசர்

படப்பிடிப்புக்கு அனுமதி கொடுத்த பௌலோஸ் அச்சனை ஒரேயடியாகக் குற்றம் சொல்லிவிட முடியாது. லாசர் உயிர்த்தெழுந்த கதையைப் படமெடுக்கிறோம் என்று வந்து கேட்டால் எந்தப் பாதிரியார்தான் மாட்டேன் என்பார்? தாடியும் நீள அங்கியும் ஒட்டகமுமாக அவர் மனசில் ஏதோ ஓடியிருக்கிறது. இயக்குநர் செறியானும் நல்ல குடும்பத்துப் பிள்ளை; பெரியப்பா ஒருவர் ஆயர் இல்லத்தில் இருக்கிறார். போதாததற்கு, இடிந்து கிடந்த கல்லறைத் தோட்டத்து மதிலைப் படக் கம்பெனியே புதிதாகக் கட்டித் தரும் என்றும் சொன்னான். அச்சன் கையெழுத்துப் போட்டுவிட்டார். லாசர் கைலி கட்டிக்கொண்டு, காதில் பீடியும் சட்டையில் தொழிற்சங்க வில்லையுமாக வந்து நின்றபோதுதான் இது வேறு லாசர் என்று அவருக்குப் புரிந்தது. அதற்குள் மதில் பாதி இடிக்கப்பட்டிருந்தது.

செறியானின் லாசர் ஏலத்தோட்டத் தொழிலாளி. முதலாளியை எதிர்த்துக் கொடி பிடிக்கிறவன். செத்துப் போகிறான். கட்சிக்காரன் என்பதால் குடும்பக் கல்லறையில் இடமில்லை என்று கோயில் சொல்லிவிட, தெம்மாடிக்குழியில் போட்டு மூடுகிறார்கள். நாலாம் நாள் எழுந்து வருகிறான். வந்தவனை என்ன செய்வது என்று கோயிலுக்கும் தெரியவில்லை, கட்சிக்கும் தெரியவில்லை. அதுதான் கதை.

இலவந்தோடு ஊரில் இந்தக் கதையை ஒருத்திக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏலிக்குட்டி அதோடுதான் இருபத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்போது நாற்பது வயது. கோயிலுக்குக் கீழே ஒரு துண்டு மிளகுத் தோட்டம், ஓட்டு வீடு, இரண்டு ஆடு. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்கும் அந்தக் குழிதான் காரணம். தெம்மாடிக்குழியில் அண்ணனை வைத்திருக்கிற வீட்டில் யார் பெண் எடுப்பார்கள்? கல்லறைத் தோட்டத்தின் வடமேற்கு மூலை அது. போக்கிரிகளுக்கான இடம். தூக்குப் போட்டுக்கொண்டவன், குடித்தே செத்தவன், சபை மாறிப் போய்த் திரும்பி வந்தவன், கிணற்றில் குதித்த திரேசியா, அப்புறம் அவள் அண்ணன் உலகன்னான். மொத்தம் ஐந்து பேர். சிலுவை நடக்கூடாது, மணி அடிக்கக்கூடாது, மந்திரம் கிடையாது; தலைமாட்டில் அடையாளத்துக்கு ஒரு வெறுங்கல் வைக்கலாம், அவ்வளவுதான். செத்தும் ஒழுங்காகச் சாகவிடமாட்டோம் என்கிற பிடிவாதம் மனுஷனுக்கு எங்கிருந்து வருகிறதோ தெரியவில்லை.

உலகன்னான் செத்தது 1968 இல். இருபத்துநாலு வயது. தோட்ட முதலாளிதான் கோயிலிலும் பெரிய ஆள். சங்கத்தை விட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் பூசையில் நன்மை அப்பம் வாங்கலாம் என்றார் அன்றைக்கு இருந்த பழைய அச்சன். உலகன்னான் எழுதிக் கொடுக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் டைபாய்டு வந்தது. வைத்தியர் கஞ்சித் தண்ணீரைத் தவிர ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியிருந்தார். விடியற்காலையில் உயிர் போனபோது பக்கத்தில் இருந்தது பதினெட்டு வயது ஏலிக்குட்டி மட்டும்தான்.

பழைய அச்சன் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "சாகும்போது பாவத்துக்கு மனஸ்தாபப்பட்டானா? இயேசுவேன்னு ஒரு வார்த்தையாவது சொன்னானா? நீ ஆமான்னு சொன்னாப் போதும் ஏலிக்குட்டி. உங்க கல்லறையிலேயே வச்சுடலாம்."

அவர் கெட்டவர் இல்லை. வாசலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் கேட்டார். ஏலிக்குட்டிக்கு அது புரியவில்லை. அச்சனிடம் பொய் சொன்னால் நரகம் என்று ஞாயிறு வகுப்பில் படித்தவள். "ஒண்ணும் சொல்லல்லை அச்சா" என்றாள். அந்த மூன்று வார்த்தை உண்மைதான் அவள் அண்ணனை வடமேற்கு மூலைக்குக் கொண்டுபோனது. அப்பனும் அம்மையும் அடுத்தடுத்துப் போய்க் குடும்பக் கல்லறைக்குள் படுத்துக்கொண்டார்கள். மகன் மட்டும் வெளியே.

வருஷா வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களின் திருநாளன்று, அவள் அப்போதைய பங்கு அச்சனான விகாரியிடம் ஒரு விண்ணப்பம் கொடுப்பாள். எலும்பை எடுத்து உள்ளே வைக்க அனுமதி வேண்டும் என்று. நாலு விகாரிகள் மாறிவிட்டார்கள். விண்ணப்பம் மாறவில்லை. சிலுவை நட விடாததால் வீட்டு அம்மிக் குழவியைத் தூக்கிப் போய் அவன் தலைமாட்டில் நட்டு வைத்திருந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் அம்மி சும்மாதான் கிடந்தது.

படக்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு ஏலிக்குட்டி வீட்டிலிருந்துதான் போயிற்று. கப்பைக் கிழங்கும் மத்தி மீன் கறியும். மூன்றாம் நாள் செறியான் பாத்திரம் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் வந்து உட்கார்ந்தான். யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"சேச்சி, உங்க அண்ணனைப் பத்திக் கேள்விப்பட்டேன். ஒண்ணு கேட்கலாமா?"

"கேளு மோனே."

"நிஜமாவே அவர் அந்தக் குழியிலேர்ந்து எழுந்து வந்தா, முதல்ல என்ன சொல்லுவார்?"

இருபத்திரண்டு வருஷத்தில் உலகன்னானைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். யோசிக்கக்கூட இல்லை.

"பசிக்குதுன்னு சொல்லுவான்."

செறியான் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"சாகறதுக்கு முதல் நாள் சாயங்காலம் கேட்டான் மோனே. ஏலி, பசிக்குதுடி, ஒரு வாய் சோறு தாயேன்னு. வைத்தியர் குடுக்கக்கூடாதுன்னுட்டார். நான் குடுக்கல்லை. பானையில சோறு இருந்தது. அச்சன் கேட்டப்போ இதைச் சொல்லலாமான்னு கூடத் தோணிச்சு. சோறு கேட்டது மனஸ்தாபத்துல சேருமா? சேராதுன்னு விட்டுட்டேன்."

செறியான் அன்றைக்கே வசனத்தை மாற்றி எழுதினான்.

மறுநாள் கலை இயக்குநரின் ஆள் வந்தான், மரியாதையான பையன். "சேச்சி, அந்தக் குழவிக்கல்லைக் கொஞ்சம் தள்ளி வச்சா கேமராவுக்கு நல்லா இருக்கும். உங்ககிட்டக் கேட்டுட்டு எடுக்கச் சொன்னார் சார்."

"எடுத்துக்கோங்க. எடுத்த இடத்துல திரும்ப வச்சிருங்க, போதும்" என்றாள் ஏலிக்குட்டி.

ஒரு குச்சி அடித்து வைத்திருக்கலாம். அடிக்கவில்லை. கல் போனாலும் இடம் எங்கே போய்விடும்? மதில் மூலையிலிருந்து பதினோரு அடி, பலாமரத்தின் அடிக்கட்டையிலிருந்து ஆறு அடி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அண்ணனைப் பற்றி ஒருவன் கேட்டுவிட்டான் என்கிற சந்தோஷத்தில் அவள் மிதந்துகொண்டிருந்தாள். சந்தோஷப்பட்டுப் பழக்கமில்லாதவர்களுக்கு அது வந்தால் கண் தெரியாமல் போகிறது.

ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இலவந்தோட்டில் தலைகீழாக நடந்தது. கூத்தாடி வந்ததால் ஊர் ஒன்றுபட்டது. முப்பது வருஷமாகக் கோயிலும் கட்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததில்லை; இப்போது பௌலோஸ் அச்சனும் கட்சியின் வட்டாரச் செயலாளர் சுகுணனும் அச்சன் வீட்டு வராந்தாவில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து செறியானை நடுவில் வைத்துக்கொண்டார்கள். ஏலிக்குட்டி கட்டன்காப்பி கொண்டுபோனாள்.

"ஆண்டவர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, செத்தவன் எழுந்து வர்றான்" என்றார் அச்சன். "வந்து 'பசிக்குது'ன்னா சொல்லுவான்? தின்னத்தான் எழுந்து வந்தானா? நெத்தியில சிலுவையா ஒரு குருசு வரையச் சொல்லு. அது போதும் எனக்கு."

சுகுணன் தலையாட்டினார். "அச்சன் சொல்றதிலயும் நியாயம் இருக்கு. பசிக்குதுங்கறது நல்ல வசனம்தான் செறியான், நான் இல்லைங்கல. ஆனா தனி ஆளா நின்னு சொல்லக்கூடாது. எங்களுக்குப் பசிக்குதுன்னு சொல்லணும். கையை இப்படித் தூக்கிட்டுச் சொன்னா இன்னும் நல்லது."

"லாசர் வெளிய வந்து ஒரு வார்த்தை பேசினதா வேதத்துலயே இல்லை" என்றான் செறியான். "அவனை யாரும் கேட்கவே இல்லை. அதனாலதான் ஆளாளுக்கு அவன் வாயில எதையாவது வைக்கப் பார்க்கறீங்க."

"நீயும்தான் வைக்கறே" என்றார் அச்சன்.

காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த ஏலிக்குட்டிதான் பேசினாள். அந்த வராந்தாவில் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"வேதத்துல யாயீரோட செத்துப்போன மகளை எழுப்பினப்போ, இந்தப் பிள்ளைக்குத் தின்ன ஏதாவது குடுங்கன்னு ஆண்டவரே சொன்னாரே அச்சா. எழுந்து வந்தா பசிக்கும்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கே."

"அது சின்னப் பெண்பிள்ளை" என்றார் அச்சன். "இது வேற. நீ போ ஏலிக்குட்டி."

காட்சி எடுத்தார்கள். பலாக்கட்டையைத் தோண்டிவிட்டு அந்த இடத்தில் குகைக் கல்லறை போல ஒன்று கட்டியிருந்தார்கள். அழுகிற பெண்களில் ஒருத்தியாக ஏலிக்குட்டியும் நின்றாள். லாசராக வந்த நடிகன் துணி சுற்றிய உடம்போடு தடுமாறி வெளியே வந்து, வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கி, "பசிக்குது" என்றான். அவளுக்கு அது நடிப்பு என்பது மறந்துவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, "வா சேட்டாயி, சோறு இருக்கு, வா" என்று அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டு ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துவிட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. நடிகனே அழுதுவிட்டான். இரண்டாம் முறை எடுத்தபோது அவளை ஓரமாக உட்கார வைத்தார்கள்.

பின்னால் அந்த வார்த்தையைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் நெருக்கினால் சின்னத் தயாரிப்பாளர் என்ன செய்வார்? வாய் அசையும், முரசு அடிக்கும், அவ்வளவுதான். குருசும் இல்லை, முஷ்டியும் இல்லை, பசியும் இல்லை.

ஆனால் தெம்மாடிக்குழி படத்தில் இருந்தது. படம் வெளிவரும் முன்பே அதைப் பற்றி ஒரு பத்திரிகை எழுதியது. இந்தக் காலத்திலுமா என்று கேட்டிருந்தது. ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. பௌலோஸ் அச்சன் ஏலிக்குட்டியைக் கூப்பிட்டனுப்பினார்.

"உன் சேட்டாயியை உள்ள கொண்டுவந்துடலாம். படம் வர்றதுக்கு முன்னாடியே செஞ்சுடணும். அடுத்த சனிக்கிழமை."

ஏலிக்குட்டி முட்டிபோட்டு அவர் கையை முத்தமிட்டாள்.

"ஒண்ணு மட்டும். ஒரே ஒரு குழிதான். ஆளு இல்லைன்னா மூடிட்டு வந்துடணும். கல்லறைத் தோட்டம் முழுக்க உழுதுட்டிருக்க என்னால முடியாது. அப்புறம் சரியா இடம் தெரிஞ்ச பிறகு திரும்ப எழுதிக் குடு, பார்க்கலாம்."

"இடம் எனக்குத் தெரியும் அச்சா" என்றாள் அவள்.

அங்கிருந்து நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனாள். படப்பிடிப்பு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது; மழை பெய்து புல் வளர்ந்திருந்தது. புது மதில் வெள்ளையடித்துப் பளிச்சென்று நின்றது. பழைய மதில் இருந்த இடத்தில் இல்லை. தாராளமாகக் கட்டித் தருகிறோம் என்று இரண்டு பக்கமும் வெளியே தள்ளிக் கட்டியிருந்தார்கள். பலாக்கட்டை இல்லை. மண் கொட்டி மேட்டைச் சமமாக்கியிருந்தார்கள். வடமேற்கு மூலையில் ஐந்து கற்கள், நூல் பிடித்ததுபோல் ஒரே வரிசையில், ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில் நடப்பட்டிருந்தன. மூன்றாவதாக நின்றது அவள் வீட்டுக் குழவி. ஐந்து பேரும் ஒருபோதும் வரிசையில் படுத்திருக்கவில்லை. ஒருவன் குறுக்கே, ஒருத்தி மதிலை ஒட்டி, இஷ்டத்துக்குத் தோண்டிப் போட்ட குழிகள் அவை.

தபாலாபீஸுக்கு ஓடிப்போய்ச் சென்னைக்கு டிரங்கால் போட்டாள். செறியான் டப்பிங்கிலிருந்து வந்து பேசினான்.

"வரிசையா வச்சிருக்காங்க பார்த்தீங்களா சேச்சி? நான்தான் சொன்னேன், அலங்கோலமா விட்டுட்டு வரக்கூடாது, அவங்களும் மனுஷங்கதானே, மரியாதையா அடுக்கி வைங்கன்னு. நல்லா இருக்கில்ல?"

"நல்லா இருக்கு மோனே" என்று சொல்லிவிட்டு ஏலிக்குட்டி போனை வைத்தாள். வேறு என்ன சொல்வது? அவன் நல்லதைத்தான் செய்திருக்கிறான். மதில் கட்டச் சொன்ன அச்சனும் நல்லதைத்தான் செய்தார். கல்லை எடுத்துக்கோ என்று சொன்னவள் அவளே. யாரைப் போய்த் திட்டுவது?

சனிக்கிழமைக்கு மிச்சமிருந்த ஐந்து நாளும் மணிக்கூண்டையும் தன் வீட்டுப் புகைபோக்கியையும் கண்ணால் கோடு போட்டுப் பார்த்து ஒரு இடத்தைக் குறித்துக்கொண்டாள். ஏறத்தாழ நிச்சயம்தான் என்று தன்னைத்தானே நம்பவைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை ஊரே வந்துவிட்டது. ஒரு பக்கம் பௌலோஸ் அச்சன், கறுப்பு அங்கி, தூபக்கலசம், ஆயர் இல்லத்துப் பத்திரிகையின் போட்டோக்காரர். மறுபக்கம் சுகுணன், மடித்த செங்கொடி, ஏழெட்டுத் தோழர்கள். "எலும்பு வெளிய வந்ததும் ஒரு நிமிஷம் கொடி போர்த்திக்கறோம்" என்றார் சுகுணன். "குடும்பக் கல்லறை வாசல் வரைக்கும்தான், உள்ள கூடாது" என்றார் அச்சன். ஒருவன் செத்து இருபத்திரண்டு வருஷம் கழித்து அவனுக்கு இத்தனை சொந்தக்காரர்கள்.

கப்யார் இட்டூப்பு அவள் காட்டிய இடத்தில் தோண்டி இறங்கினான். கோயில் வேலைக்காரன், இந்த ஊருக்கு வந்து பத்து வருஷம்தான் ஆகிறது. எலும்பை வாங்கிக்கொள்ள வேண்டியது ரத்த சம்பந்தம் உள்ளவர்கள். ஆகையால் ஏலிக்குட்டி வெள்ளைத் துணியை மடியில் விரித்து விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்றார்கள்.

இடுப்பளவு ஆழத்தில் மண்வெட்டியை வைத்துவிட்டு இட்டூப்பு கையால் தோண்ட ஆரம்பித்தான். ஒரு நீள எலும்பு, அப்புறம் இன்னொன்று. கை எலும்பைத் தூக்கியபோது அதோடு ஒட்டியிருந்த மண்கட்டி உதிர்ந்தது. உள்ளே பச்சைப் பச்சையாக என்னவோ மின்னியது. கண்ணாடி வளையல் துண்டுகள்.

இட்டூப்பு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "சேச்சி" என்றான் மெதுவாக. "இது..."

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. செபஸ்தியார் பெருநாளன்று திரேசியாவோடு கடைக்குப் போனவள் அவளேதான். பச்சைதான் வேண்டும் என்று அந்தப் பெண் ஒற்றைக்காலில் நின்றாள். அடுத்த மாதம் கிணற்றில் மிதந்தாள். வயிற்றில் ஐந்து மாதம். யார் என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தெரியாமலும் இல்லை. குளிப்பாட்டக்கூட ஆள் வரவில்லை. போட்டிருந்ததோடு போட்டு மூடினார்கள். அவள் வீட்டார் மறு வருஷமே நிலத்தை விற்றுவிட்டு மலபார்ப் பக்கம் போய்விட்டார்கள். அவளுக்காக இந்த ஊரில் ஒரு விண்ணப்பம் எழுத ஆள் கிடையாது.

இவன் இல்லை என்று சொன்னால் போதும். மூடிவிடுவார்கள். அடுத்த நவம்பரில் திரும்ப எழுதிக் கொடுக்கலாம், அதற்கடுத்த நவம்பரிலும். உலகன்னான் இங்கேதான் எங்கேயோ இரண்டடிக்குள் இருக்கிறான், காத்திருப்பான். ஆமாம் என்று சொன்னால் அவனுக்கு இனி விண்ணப்பமே கிடையாது. உள்ளே போனவனை யார் மறுபடி வெளியே தேடுவார்கள்?

"என்ன இட்டூப்பு?" என்று அச்சன் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். "ஏலிக்குட்டி, அவன்தானா? நிச்சயமாத் தெரியுதா?"

அதே கேள்வி. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் உண்மையைச் சொன்னாள். ஒருத்தரை அந்தக் குழிக்குள் தள்ளினாள். இன்னொருத்தரைத் தன் கையாலேயே திரும்ப உள்ளே போட அவளால் முடியவில்லை. வளையல் துண்டுகளை வாங்கி உள்ளங்கையில் வைத்து இறுக மூடினாள். கண்ணாடி கிழித்தது.

"இவன்தான் அச்சா" என்றாள். பிறகு குனிந்து, "எடு இட்டூப்பு. ஒண்ணு விடாம எடு" என்றாள்.

இட்டூப்பு ஒரு வினாடி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம் குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். சுகுணன் வாசல் வரைக்கும் கொடி போர்த்தினார். தோழர்கள் கை உயர்த்தினார்கள். வாசலில் கொடியை எடுத்துவிட்டு அச்சன் தூபம் போட்டார். மணி அடித்தது. வயிற்றுப்பிள்ளையோடு செத்த ஒரு பெண்ணை வீரவணக்கமும் வேத மந்திரமுமாக இரண்டு கூட்டமும் போட்டி போட்டுக்கொண்டு உள்ளே அனுப்பி வைத்தது. உலகன்னான் பெயரைச் சொல்லி அச்சன் செபித்தபோதெல்லாம் ஏலிக்குட்டி உதட்டுக்குள் திரேசியா என்று சொல்லிக்கொண்டாள். போட்டோவில் அவள் வலது கை மூடியே இருக்கிறது.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி ஏலிக்குட்டி விண்ணப்பம் எதுவும் எழுதவில்லை. குடும்பக் கல்லறையில் மூன்று மெழுகுதிரி ஏற்றிவிட்டு வடமேற்கு மூலைக்குப் போனாள். வாழையிலையில் ஒரு பிடி சோறு கட்டி எடுத்துப் போயிருந்தாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஐந்து கல்லையும் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் பொட்டலத்தைப் பிரித்து, பருக்கை பருக்கையாக அந்த மூலை முழுக்க, ஒரு சாண் இடம் விடாமல் இறைத்துக்கொண்டே போனாள்.

பௌலோஸ் அச்சன் இறந்தவர்களுக்கான ஒப்பீசு செபத்தை முடித்து அந்த வழியாக வந்தவர் நின்றார். "இன்னும் எதுக்கு இங்க வர்றே ஏலிக்குட்டி? உன் சேட்டாயிதான் உள்ள போயாச்சே."

"பழக்கம் அச்சா" என்றாள் ஏலிக்குட்டி. இலையில் இன்னும் கொஞ்சம் சோறு இருந்தது.